ஒரு சாலை, ஒரு கடை, ஒரு தொலைபேசிப் பெட்டி: கடலோரச் சிற்றூர் நகைச்சுவைப் படங்கள் ஏன் நம்மைப் பிடித்து வைக்கின்றன?

சண்டை இல்லை, வில்லன் இல்லை, துரத்தல் இல்லை. கரையோரத்தில் சில டஜன் வீடுகள். வெளியூர் ஆள் ஒருவர் வந்து இறங்குகிறார். ஊர் அவரிடம் எதையோ மறைக்கிறது. கதை அவ்வளவுதான். ஆனாலும் 1949-இல் வந்த 'விஸ்கி கலோர்' என்ற பிரிட்டிஷ் படம் இன்னும் பார்க்கப்படுகிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலின் கடற்கரையில் எடுக்கப்பட்ட 'டாக் மார்ட்டின்' தொலைக்காட்சித் தொடர் 2004 முதல் 2022 வரை பத்து பருவங்கள் வந்தது. ஓடிடி தளங்கள் இவற்றை 'ஃபீல்குட்' என்று பெயரிட்டு ஒரே அடுக்கில் வைத்துவிடுகின்றன. புதிதாகப் பார்ப்பவருக்கு ஒரு குழப்பம் வருகிறது: ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறதே, பிறகு ஏன் பாதியில் எழுந்து போக முடியவில்லை?

வழக்கமாகச் சொல்லப்படும் விடை, 'அழகான இடம், வெள்ளந்தி மனிதர்கள்' என்பது. அழகான இடம் சுற்றுலா விளம்பரத்திலும் இருக்கிறது. அதை யாரும் இரண்டு மணி நேரம் பார்ப்பதில்லை. வெள்ளந்தி மனிதர்கள் என்பதோ தவறான விவரிப்பு. இந்த வகையின் நல்ல படங்களில் ஊர்க்காரர்கள் கணக்கில் கெட்டி. படத்தின் ஈர்ப்பே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

## எதை இந்த வகை என்கிறோம்?

நையாண்டி ஒருவரைக் குறிவைத்துத் தாக்கும். கேலிக்கூத்தில் ஆள் வழுக்கி விழ வேண்டும். நாம் பேசும் இந்த மென்னகைச்சுவையில் இரண்டும் ஓரளவுக்குத்தான். ஊரின் வழக்கமும் வெளியாளின் விதியும் உரசும் இடத்தில் சிரிப்பு பிறக்கிறது. சிரித்து முடித்த பிறகும் இரு தரப்புக்கும் மரியாதை மிச்சம் இருக்கிறது. இந்தக் கட்டுரை ஐந்து படைப்புகளை வைத்துப் பேசுகிறது:

1. 'விஸ்கி கலோர்' (1949): இயக்கம் அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக், தயாரிப்பு லண்டனின் ஈலிங் ஸ்டுடியோ. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவு ஒன்றில் நடப்பது.
2. 'லோக்கல் ஹீரோ' (1983): இயக்கம் பில் ஃபோர்சித். ஹியூஸ்டன் எண்ணெய் நிறுவனம் ஒன்று ஃபெர்னஸ் என்ற ஸ்காட்லாந்து கற்பனைக் கிராமத்தை முழுசாக விலைக்கு வாங்க வருகிறது.
3. 'வேக்கிங் நெட்' (1998): இயக்கம் கிர்க் ஜோன்ஸ். லாட்டரியில் பரிசு விழுந்த அதிர்ச்சியிலேயே இறந்துபோகும் அயர்லாந்துக் கிழவர் ஒருவரின் பணத்தை ஊர் பெற முயல்கிறது.
4. கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு மொழியில் 2003-இல் எடுக்கப்பட்டு, 2013-இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு மாற்றி ஆங்கிலத்தில் 'தி கிராண்ட் செடக்‌ஷன்' என மறுபடி எடுக்கப்பட்ட கதை.
5. 'டாக் மார்ட்டின்': ரத்தத்தைக் கண்டால் ஒவ்வாமல் போன லண்டன் அறுவை மருத்துவர், போர்ட்வென் என்ற சிற்றூருக்குப் பொது மருத்துவராக வருகிறார்.

## மூல நிகழ்ச்சி: 1941 பிப்ரவரி 5

இந்த வகையின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள, அதன் தொடக்கத்தில் இருக்கும் உண்மைச் சம்பவத்தைப் பார்ப்பது நல்லது. லிவர்பூலிலிருந்து ஜமைக்காவுக்கும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸுக்கும் புறப்பட்ட 'பொலிட்டீசியன்' என்ற சரக்குக் கப்பல், 1941 பிப்ரவரி 5 அன்று ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள எரிஸ்கே தீவருகே பாறையில் தட்டி நின்றது. மாலுமிகள் உயிர் தப்பினார்கள். கப்பலில் இருந்த பலவகைச் சரக்குகளில் ஒன்று, ஏறக்குறைய 2,64,000 பாட்டில் விஸ்கி.

போர்க்காலம், பிரிட்டனில் விஸ்கிக்குக் கடும் தட்டுப்பாடு. இந்தச் சரக்கோ ஏற்றுமதிக்கானது என்பதால் உள்நாட்டு வரி கட்டப்படாதது. எரிஸ்கே, சவுத் யூயிஸ்ட், பாரா தீவுகளின் ஆட்கள் இரவில் படகு கட்டிப் போய் பெட்டிகளை இறக்கினார்கள். கப்பலின் அடித்தளத்தில் கொழகொழவென எண்ணெய். அது உடையில் பட்டால் அதுவே சாட்சி. அதனால் சிலர் மனைவியின் பழைய கவுனை மாட்டிக்கொண்டு இறங்கியதாகத் தீவில் இன்றும் சொல்வார்கள். ஊராரின் பார்வையில் அது கடல் கொண்டுவந்து போட்ட பொருள். சுங்க அதிகாரியின் பார்வையில் திருட்டு. வழக்குகள் நடந்தன, சிலர் இன்வர்னஸ் சிறைக்குப் போனார்கள். மிச்சச் சரக்கோடு கப்பலின் உடலை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

காம்ப்டன் மெக்கென்சி இதை வைத்து 1947-இல் 'விஸ்கி கலோர்' நாவலை எழுதினார். அவரே பாரா தீவில் வீடு கட்டி வாழ்ந்தவர். படமும் 1948-இல் பாராவிலேயே எடுக்கப்பட்டது. மூலத்திலிருந்து படம் எவற்றை மாற்றியது என்று பார்த்தால் இந்த வகையின் இலக்கணம் கையில் கிடைத்துவிடும்:

1. சிறைத் தண்டனை நீக்கப்பட்டது. ஊருக்குள் ஒருவர் சிறைக்குப் போனால், பார்ப்பவர் மனம் சிரிப்பிலிருந்து நீதி அநீதிக்குத் தாவிவிடும்.
2. விஸ்கிக்கு ஒரு கடமை கொடுக்கப்பட்டது. தீவு மக்களின் கேலிக் (Gaelic) மொழி மரபின்படி திருமண நிச்சயச் சடங்கு நடக்க வேண்டும். விஸ்கி இல்லாமல் சடங்கு இல்லை. சடங்கு இல்லாமல் கல்யாணம் இல்லை. குடிக்கும் ஆசை இப்படி இரண்டு இளம் ஜோடிகளின் வாழ்க்கையோடு கட்டப்பட்டது.
3. ஒரு தடை உள்ளிருந்தே வந்தது. கப்பல் தட்டிய செய்தி வந்து, ஆட்கள் படகை நோக்கிக் கிளம்பும் நேரத்தில் சனிக்கிழமை நள்ளிரவு மணி அடிக்கிறது. ஞாயிறு ஓய்வு நாள். வேலை செய்யக் கூடாது. கப்பல் எப்போது மூழ்குமோ தெரியாது, ஆனால் ஊர் முழுக்க இருபத்துநாலு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

மூன்றாவது மாற்றம்தான் எல்லாவற்றிலும் நுட்பமானது. அரசு விதியை மீறத் தயாராக இருக்கும் அதே மனிதர்கள், தங்கள் சொந்த விதியை மீற மாட்டார்கள். இவர்கள் கொள்ளையர் அல்ல, வேறொரு சட்டப் புத்தகத்தின்படி நடப்பவர்கள் என்று பார்ப்பவருக்கு விளங்கிவிடுகிறது. வசனத்தில் ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை.

## கடல் அங்கே என்ன வேலை செய்கிறது?

இதே கதையை மலை கிராமத்தில் வைத்தால் என்ன? வைக்கலாம்; ஆனால் கடல் இனாமாகச் செய்து தரும் மூன்று வேலைகளைத் திரைக்கதை தானே இழுத்துச் சுமக்க வேண்டியிருக்கும்.

அடைப்பது. ஊருக்கு ஒரு சாலை அல்லது ஒரு படகுத்துறை. வருபவர் யார் என்று அவர் வந்து சேரும் முன்பே தெரிந்துவிடும். வந்தவர் நினைத்தபோது போகவும் முடியாது. விதியும் வழக்கமும் ஒன்றையொன்று தவிர்க்க முடியாமல் எதிரெதிரே நிற்கும்.

கொண்டுவருவது. கரையில் ஒதுங்கும் பொருளுக்கு உழைத்தவர் யாரும் இல்லை. ஆகவே அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இயல்பாகவே எழும். கப்பல் சரக்கு, எண்ணெய்ப் பணம், லாட்டரி எல்லாமே அந்த 'ஒதுங்கிய பொரு'ளின் வடிவங்கள்தாம். 'லோக்கல் ஹீரோ'வில் கடற்கரையே ஒருவருக்குச் சொந்தம்: மரக்குடிலில் வாழ்ந்து, ஒதுங்கியதைப் பொறுக்கும் பென் என்ற முதியவர். ஊர் முழுக்க விற்கச் சம்மதித்தாலும் அவர் சம்மதிக்காமல் பேரம் முடியாது.

நேரம் வைப்பது. ஓதம் ஏறும், இறங்கும், புயல் வரும், பாறையில் நிற்கும் கப்பல் ஒரு நாள் சரியும். வில்லன் இல்லாத கதைக்கு அவசரத்தைத் தருவது இதுதான்.

## ஊரின் அளவு: ஏன் ஐம்பது பேர்?

'வேக்கிங் நெட்'டில் ஊரின் மக்கள்தொகை 52. பரிசு ஏறத்தாழ 69 லட்சம் பவுண்டு. பகிர்ந்தால் தலைக்கு 1,30,000 பவுண்டுக்குச் சற்று மேல். அதாவது ஒவ்வொருவர் வாழ்க்கையையும் மாற்றக்கூடிய தொகை, ஆனால் ஒருவரையும் கோடீஸ்வரர் ஆக்காத தொகை. அந்தக் கணக்கு தற்செயலானதாகத் தோன்றவில்லை. ஐந்நூறு பேர் ஊராக இருந்தால் ரகசியம் ஒரு நாள் தாங்காது. பத்துப் பேர் என்றால் அது குடும்பக் கதை. ஐம்பது என்றால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஆனாலும் ஒருவர் முரண்டு பிடிக்க இடம் இருக்கும்.

ஆள் குறைவு என்பதால் ஒருவர் பல வேலை பார்ப்பார். 'லோக்கல் ஹீரோ'வின் அர்க்கார்ட் விடுதி நடத்துகிறார், சமைக்கிறார், மதுக்கூடத்தில் ஊற்றிக் கொடுக்கிறார், ஊரின் கணக்காளரும் அவரே. பேரம் பேச வந்த அமெரிக்கர் மாக், காலையில் விடுதிக்காரராகப் பார்த்தவரையே மறுபடி கணக்காளரின் மேசைக்குப் பின்னால் பார்க்கிறார். காட்சி சிரிப்பை வரவழைக்கிறது. ஆனால் நிலவரம் உண்மையானது. சின்னத் துறைமுக ஊர்களில் தபால் நிலையமும் பலசரக்குக் கடையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன, உயிர்காப்புப் படகில் ஏறுபவர்கள் மற்ற நாட்களில் வேறு தொழில் பார்ப்பவர்கள். ஊர் 'விசித்திரமாக'த் தெரிவதற்கு முதல் காரணம் மனிதர்களின் கிறுக்கு அல்ல, ஆள் பற்றாக்குறை.

இதே காரணத்தால் யாரையும் நிரந்தரமாகப் பகைக்க முடியாது. இன்று சண்டை போட்டவரிடம்தான் நாளை பெட்ரோல் வாங்க வேண்டும். இந்த வகைக் கதைகளில் கோபம் சீக்கிரம் தணிவதைச் சிலர் செயற்கை என்கிறார்கள். அந்த ஊர்களின் பிழைப்பைத் தெரிந்தவர்களுக்கு அது செயற்கையாகப் படாது.

## வெளியூரார் மூன்று வகை

1. விதியைக் காப்பவர். 'விஸ்கி கலோர்' படத்தின் கேப்டன் வாகெட். ஊர்க்காவல் படைத் தலைவர், ஆங்கிலேயர். அவர் கெட்டவர் இல்லை, நேர்மையானவர். சட்டப்படி பார்த்தால் அவர் சொல்வதே சரி. இந்தப் பாத்திரத்தைக் கொடியவராக எழுதினால் படம் அன்றே செத்திருக்கும்.
2. வாங்க வருபவர். மாக். அவர் மெல்ல மெல்லக் கைக்கடிகாரத்தை மறக்கிறார், கரையில் சிப்பி பொறுக்குகிறார், ஊரின் மேல் ஆசைப்படுகிறார்.
3. தேவைப்படுபவர். மருத்துவர். 'தி கிராண்ட் செடக்‌ஷன்' கதையில் ஊருக்குத் தொழிற்சாலை வர வேண்டும் என்றால் அங்கே மருத்துவர் ஒருவர் நிலையாக இருக்க வேண்டும். வந்த இளைஞருக்குக் கிரிக்கெட் பிடிக்கும் என்று தெரிந்ததும், மட்டையைப் பிடிக்கத் தெரியாத மீனவர்கள் அணி அமைக்கிறார்கள். 'டாக் மார்ட்டின்' இதைத் திருப்பிப் போடுகிறது: ஊருக்கு மருத்துவர் வேண்டும், மருத்துவருக்கு ஊர் வேண்டாம். அவருடைய நோய்க்கணிப்பு கிட்டத்தட்ட எப்போதும் சரி, பேச்சு கிட்டத்தட்ட எப்போதும் தவறு.

மூன்றிலும் பொதுவான விதி ஒன்று உண்டு: மோதுவது சரியும் தவறும் அல்ல, இரண்டு சரிகள். வாகெட்டின் சட்டமும் சரி, தீவின் வழக்கமும் சரி. மார்ட்டினின் மருத்துவமும் சரி, அவரிடம் மரியாதை எதிர்பார்க்கும் நோயாளியும் சரி. அதனால்தான் யார் தோற்றாலும் நமக்குக் கசப்பதில்லை.

## ரகசியம் எப்படிச் சிரிப்பாகிறது?

இந்தக் கதை இயந்திரத்தின் மையப் பல்சக்கரம் இதுதான், எனவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சாதாரணமாக ரகசியம் என்றால் பார்ப்பவருக்கும் தெரியாது, கடைசியில் வெளிப்படும். இங்கே தலைகீழ். ஊருக்குத் தெரியும், நமக்கும் தெரியும், வந்தவருக்கு மட்டும் தெரியாது. நாம் ஊரின் ஐம்பத்துமூன்றாவது ஆளாகச் சேர்க்கப்படுகிறோம். 'இதமாக இருக்கிறது' என்று பார்ப்பவர்கள் சொல்லும் உணர்வின் பெரும்பகுதி இந்தச் சேர்க்கைதான்.

'லோக்கல் ஹீரோ' இதில் ஒரு படி மேலே போகிறது. பண்பாட்டை அழிக்க வந்துவிட்டோமோ என்று மாக் தயங்கித் தயங்கிப் பேரத்தைத் தொடங்குகிறார். ஊர் மக்களோ தேவாலயத்தில் ரகசியமாகக் கூடி, விற்பது என்று முடிவே செய்துவிட்டார்கள்; அவசரம் காட்டினால் விலை குறையும் என்பதால் காட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் பிடிக்கும் கடல் உணவு அவர்கள் தட்டுக்கு வருவதில்லை, விலை அதிகம் என்று வெளியூர் போய்விடுகிறது. அப்படிப்பட்ட ஊர் பணத்தை ஏன் மறுக்க வேண்டும்? நகரத்து மனிதர் ஊரை அழகாகக் காண்கிறார், ஊர்க்காரர் அதைக் கடினமான பிழைப்பாகக் காண்கிறார். இந்த இடைவெளியை இவ்வளவு நேர்மையாக வைத்த படம் இந்த வகையில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

ரகசியம் உச்சம் தொடும் இடத்தில்தான் மென்மைக்கும் சோதனை வரும். 'வேக்கிங் நெட்'டில், இறந்த நெட்டுக்குத் தேவாலயத்தில் நண்பர் ஜாக்கி இரங்கல் பேசத் தொடங்கும்போது லாட்டரி அதிகாரி உள்ளே வந்துவிடுகிறார். அவரைப் பொறுத்தவரை நெட் உயிரோடு இருக்கிறார். ஜாக்கி சட்டென்று மாற்றி, முதல் வரிசையில் உயிரோடு உட்கார்ந்திருக்கும் நண்பர் மைக்கேலுக்கே இரங்கல் வாசிக்கிறார். ஏமாற்றத் தொடங்கிய பேச்சு, ஒருவர் உயிரோடிருக்கும்போது கேட்கவே முடியாத அன்பாக முடிகிறது. பொய் வழியாக ஒரு உண்மை வெளியே வருகிறது.

அதே படத்தில் ஊரைக் காட்டிக்கொடுக்கப் போகும் லிஸி க்வின், பாறை விளிம்பில் இருக்கும் தொலைபேசிப் பெட்டியோடு கீழே விழுந்து சாகிறார். பார்ப்பவர்கள் பிளவுபடுவது இங்கேதான். அடுத்தவரோடு சேராத ஒருவரைக் கொன்று தீர்வு காண்பது மென்னகைச்சுவையின் சொந்த விதியையே மீறுகிறது. படத்தின் மற்ற பகுதிகள் எவ்வளவு நேர்த்தியானாலும் இந்தக் காட்சி ஒட்டாமல் நிற்கிறது.

## எங்கே கெட்டுப்போகிறது?

இந்த வகையில் எடுக்கப்பட்டு மறக்கப்பட்டவை ஏராளம். தோல்விக்கான காரணங்கள் திரும்பத் திரும்ப இவையே:

1. பிழைப்பு காணாமல் போவது. யார் எதை விற்று வாழ்கிறார்கள் என்று இருபது நிமிடத்துக்குள் தெரியவில்லை என்றால் ஊர் பொம்மை ஊராகிவிடும்.
2. கிறுக்கை மேலே பூசுவது. தொப்பி, செல்லப் பிராணி, ஒரே வசனத்தைத் திரும்பச் சொல்வது. கிறுக்கு ஒரு தேவையிலிருந்து பிறக்க வேண்டும்.
3. ஊர் ஒரே குரலில் பேசுவது. குறைந்தது ஒருவராவது உடன்படாமல் இருக்க வேண்டும். பென் இல்லாத ஃபெர்னஸ் வெறும் பத்திரப் பதிவு.
4. வந்தவர் ஊரைக் 'காப்பாற்றுவது'. நகரத்தார் அறிவைக் கொண்டுவந்து கொடுத்தார் என்று முடிந்தால், முழுக் கதையும் ஊரை இளக்காரம் செய்ததாக ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தில் எழுதப்பட்ட உணர்ச்சிக் கசிவான கிராமக் கதைகளை விமர்சகர்கள் 'கெய்ல்யார்ட்' என்று அழைத்தார்கள். வீட்டோரக் கீரைத் தோட்டம் என்று பொருள். தொழிற்சாலைகளும் வறுமையும் நிறைந்த நாட்டைக் கீரைத் தோட்டமாகச் சுருக்கிக் காட்டுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. கடலோர நகைச்சுவைகள் மீதும் அதே குற்றச்சாட்டு வைக்கப்படுகிறது. மோசமான படங்களுக்கு அது பொருந்தும். நல்லவற்றுக்குப் பொருந்தாது. நியூஃபவுண்ட்லாந்தில் 1992 ஜூலையில் காட் (cod) என்ற கடல் மீனைப் பிடிப்பது தடை செய்யப்பட்டு ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள் என்பதை மனதில் வைத்து 'தி கிராண்ட் செடக்‌ஷன்' பார்த்தால், உதவித்தொகைக்கு வரிசையில் நிற்கும் மீனவர்கள் ஒரு தொழிற்சாலைக்காகப் பொய் சொல்வதில் உள்ள வலி தெரியும்.

## திரையில் உள்ள ஊர் எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் எங்கும் இல்லை. ஃபெர்னஸின் வீட்டு வரிசை ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள பென்னன். அதன் வெண்மணல் கரையோ மேற்குக் கடற்கரையின் கமுஸ்டாராக். இரண்டுக்கும் நேர்க்கோட்டில் 200 கிலோமீட்டருக்கு மேல். பென்னனில் மலை முதுகோடு ஒட்டி ஒரே வரிசை வீடுகள். விரிந்த மணல் கரை கிடையாது. 'வேக்கிங் நெட்'டின் அயர்லாந்து கிராமம் படமாக்கப்பட்டது அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே கடலில் உள்ள மான் (Man) தீவில். ஒரே ஊரில் துறைமுகமும் மணலும் பழைய வீடுகளும் மேலிருந்து பார்க்கும் கோணமும் சேர்ந்து அமைவது அரிது. அதனால் ஒட்டுப்போடுகிறார்கள்.

மாக் ஹியூஸ்டனுக்குப் பேசும் சிவப்புத் தொலைபேசிப் பெட்டி படத்துக்காகக் கொண்டுவந்து வைத்த பொருள். படம் பார்த்தவர்கள் அதைத் தேடிப் பென்னனுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஊரில் இருந்த உண்மையான பெட்டி 1989-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பட்டியலிடப்பட்டது.

## ஊருக்கு என்ன ஆகிறது?

போர்ட்வென் என்று திரையில் வரும் ஊரின் உண்மைப் பெயர் போர்ட் ஐசக். குறுகலான சந்துகள், ஓதம் இறங்கினால் மணல் தெரியும் சின்னத் துறைமுகம். பயணிகள் வருவதால் உணவகங்களுக்கும் கடைகளுக்கும் வருமானம் உண்டு. அதை யாரும் மறுப்பதில்லை. சிக்கல் வீடுகளில் தொடங்குகிறது. கார்ன்வாலின் கரையோர ஊர்களில், வருடத்தில் சில வாரங்கள் மட்டும் வந்து தங்குபவர்கள் இரண்டாம் வீடாக வாங்குகிறார்கள். வேறு பல விடுமுறை வாடகைக்குப் போகின்றன. உள்ளூர்ச் சம்பளத்தில் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடியாத இளைஞர்கள் உள்நாட்டுப் பக்கம் போகிறார்கள். குளிர்காலத்தில் விளக்கு எரியாத சன்னல்கள் கூடுகின்றன. பல வேலை பார்க்கும் ஒருவர், எல்லோரையும் தெரிந்த ஐம்பது பேர் என்று கதைக்கு அடித்தளமாக இருந்த அமைப்பே கரைந்துபோகிறது.

எதிர்வினைகள் இரண்டைக் குறிப்பிடலாம். அதே மாவட்டத்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊர், 2016-இல் நடத்திய வாக்கெடுப்பில், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரக் குடியிருப்புக்கு மட்டுமே என்ற விதியை 80 விழுக்காட்டுக்கும் மேலான ஆதரவோடு ஏற்றது. கார்ன்வால் மாமன்றம் 2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கான உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக்கியது. வரி, வசதி உள்ளவர்களை எவ்வளவு தூரம் தடுக்கும் என்பது கேள்வி. செயின்ட் ஐவ்ஸ் விதியிலோ ஓர் ஓட்டை வெளிப்படையாகவே இருக்கிறது: அது புது வீடுகளுக்கு மட்டும். துறைமுகத்தை ஒட்டிய பழைய மீனவர் குடில்களை, அதாவது கேமரா எப்போதும் திரும்பும் அந்த வீடுகளை, யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.